தகரக் கூரைக்கு மேலே ஏழு சுற்று

தூசார்,
மே 19, திங்கட்கிழமை.

கலே நகரில் கடற்காற்றோடு குடியிருக்கும் என் மூத்த சகோதரி ஒதில் அக்காவுக்கு, ஏரிக்கரையிலிருந்து தங்கை ஜிஸேல் வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் இவரும், முழங்கால்களைக் கணக்கில் சேர்க்காவிட்டால், நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் மர்சியால் அத்தானும் அத்தானின் பந்தயப் புறாக்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வாலில் வெள்ளை விழுந்த அந்தப் புறா ஸ்பெயின் பக்கமிருந்து திரும்பி வந்துவிட்டதா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

உன் பதில் சனிக்கிழமை வந்தது. பெட்டியைக் கட்டிவிட்டதாகவும், வருகிற வெள்ளிக்கிழமை ரயிலில் வந்து என்னைக் கையோடு அழைத்துப் போவதாகவும், என் தலையணையை மட்டும் நான் எடுத்துவைத்தால் போதும் என்றும் எழுதியிருக்கிறாய். அக்கா, பெட்டியை அவிழ்த்துவிடு. நீ வர வேண்டாம். இவருக்கு வேறொருத்தி இருக்கிறாள் என்று போன கடிதத்தில் நான் எழுதியது தவறு. முழுக்கத் தவறு என்றும் சொல்ல முடியவில்லை. ஒருத்தி இருக்கிறாள். சரியாகச் சொன்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆனால் நீ நினைக்கிற மாதிரி இல்லை. முதலிலிருந்து சொல்கிறேன், பாதியில் மடித்து வைத்துவிட்டு அத்தானிடம் ஓடாதே.

எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் கேமரா. போன வருஷம் என் வீட்டுக்காரர் அன்ஸெல்ம், பால் கூட்டுறவுச் சங்கத்தின் பாலாடைக்கட்டி நிலவறையிலிருந்து ஓய்வு பெற்றபோது, கூட வேலை பார்த்தவர்கள் கடிகாரம், நாற்காலி என்று எதையாவது கொடுத்திருக்கலாம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒரு கேமராவைக் கொடுத்தார்கள், ஹெல்மெட்டில் மாட்டிக்கொண்டு பறக்கும்போது படம் எடுப்பதற்கு. இவர் பறக்கிறவர் என்பது உனக்குத் தெரியாததில்லை. முப்பத்தொரு வருஷமாக, வானம் தெளிந்தால் போதும், மலைக்கணவாயில் பாராகிளைடரின் துணிச் சிறகை விரித்து, ஓடிக் குதித்து, இரண்டு மணி நேரம் காற்றில் திரிந்துவிட்டு, தூசார் புல்வெளியில் வந்து இறங்கி, வீட்டுக்கு வந்து பசிக்கிறது என்று சொல்வார். முதல் சிறகை இவர் வாங்கியபோது, "பறக்கிறவன் எங்கேயாவது இறங்கத்தானே செய்வான், எங்கே இறங்குறான்னு பார்த்துக்கோ" என்று நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. நீயும் மறக்க விட்டதில்லை.

கேமராவுக்கு ஒரே பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் படம் எடுக்க ஆரம்பிக்கும், இன்னொரு தடவை அழுத்தினால் நிற்கும். எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்பது தலைக்கு மேலே இருக்கிறவருக்குத் தெரியாது. வண்டியில் ஏறும்போதே கை பட்டு அது ஓட ஆரம்பித்திருக்கும், இவர் மலை உச்சியில் குதிப்பதற்கு முன்னால் பயபக்தியோடு அழுத்துவார், அது நின்றுவிடும். இறங்கியதும் நிறுத்துவதாக நினைத்து அழுத்துவார், மறுபடி ஓடும். இப்படி முதல் ஒரு மாதத்தில் பறப்பதைத் தவிர மற்ற எல்லாம் படமாகிவிட்டது. பாராகிளைடர் கிளப் வண்டியின் கூரை, சிறகை மடிக்கும் கைகள், கஃபேயில் காப்பி, ஓக் மரத்துக்குப் பின்னால் இவர் போய் நின்ற ஒரு நிமிஷம். வண்டியில் போகும்போது நண்பர் பெர்த்ராணிடம் உன்னைப் பற்றி இவர் சொன்னதும் அதில் இருக்கிறது. அதை எழுத மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு நீ வந்து தங்கிய ஒன்பது நாட்களையும் மலையில் விழும் பனிச்சரிவையும் ஒப்பிட்டுச் சொன்னார் என்று மட்டும் எழுதுகிறேன். இரண்டாவது மாதம் கேமராவைத் தலைகீழாக மாட்டினார், ஏரி மேலே தொங்கியது. மூன்றாவது மாதம் முகத்தைப் பார்த்த மாதிரி மாட்டினார், நாற்பது நிமிஷமும் மூக்கு. அந்த மூக்கோடு முப்பத்தெட்டு வருஷம் வாழ்ந்திருக்கிறேன், ஆனாலும் அந்த அளவில் பார்த்ததில்லை.

இந்தப் படங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தேதி போட்டு வைக்கிற வேலை என்னுடையது. இவருக்குத் திரையில் எதுவும் சரியாகத் தெரியாது, கண்ணாடி போட்டுக்கொள்ளவும் மாட்டார். மெமரி கார்டைச் சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பா பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவார். நான்தான் உட்கார்ந்து முழுதாகப் பார்ப்பேன். அக்கா, உன்னிடம் சொல்வதற்கு என்ன, முதலில் எரிச்சலோடு பார்த்தேன், பிறகு காத்திருந்து பார்த்தேன். முப்பத்தொரு வருஷம் கீழே நின்றே அண்ணாந்து பார்த்தவள் நான். குதிகால் உயர்த்திய செருப்பு போட்டாலே எனக்குத் தலை சுற்றும். இவர் மேலே போய் என்ன பார்க்கிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. இப்போது தெரிந்தது. பாறையின் ஓரமாகக் காற்று இவரைத் தூக்குகிற இடத்தில் இவர் சின்னதாக ஒரு மூச்சு விடுவார், வீட்டில் ஒருநாளும் விடாத மூச்சு. ஏரி ஒரு தட்டு மாதிரி சாயும். நம் வீடு வரும், தோட்டம் வரும், அதில் துணி உலர்த்திக்கொண்டு ஒரு புள்ளி நிற்கும். அது நான். நம் வீட்டுக்கு மேலே இவர் ஒரு சுற்று சுற்றுவார் என்று ஒவ்வொரு படத்திலும் எதிர்பார்ப்பேன். சுற்ற மாட்டார். நேராகக் கடந்து போய்விடுவார்.

ஏப்ரல் ஆரம்பத்திலிருந்து படம் மாறியது. ஏரிப் பக்கம் திரும்பாமல் மலை முதுகைத் தாண்டி அந்தப் பக்கப் பள்ளத்தாக்குக்குப் போனார். அங்கே சரிவில் துருப்பிடித்த தகரக் கூரையோடு ஒரு பண்ணை வீடு. அதற்கு மேலே போய் நின்று சுற்றினார். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன், ஏழு. மறுநாளும் ஏழு. அதற்கடுத்த நாள் ஒன்பது. எப்போதும் பகல் ஒரு மணிக்கு. பன்னிரண்டு மணிச் சாப்பாட்டைத் தானாகவே தள்ளிப்போடுகிற ஓர் ஆண்பிள்ளையை இந்தப் பள்ளத்தாக்கில் நீ பார்த்திருக்கிறாயா? என்னங்க, அந்தப் பக்கம் என்ன விசேஷம் என்று கேட்டேன், பாத்திரம் கழுவிக்கொண்டே, சாதாரணமாகக் கேட்கிற மாதிரி. அங்கே காற்று நன்றாக மேலே தூக்குகிறது என்றார். பொய். இவருடைய நெஞ்சுப் பட்டியில் ஒரு கருவி இருக்கிறது. காற்று மேலே தூக்கினால் குருவி மாதிரி கீச் கீச் என்னும், கீழே இறக்கினால் மாடு கத்துகிற மாதிரி நீளமாக முனகும். அந்தக் கூரைக்கு மேலே போனதுமே அது முனக ஆரம்பித்து, இவர் அங்கிருந்து கிளம்புகிற வரைக்கும் முனகிக்கொண்டே இருந்தது. முப்பத்தொரு வருஷம் பறந்த மனுஷர், கீழே இழுக்கிற காற்றில் மெனக்கெட்டு நின்று ஏழு சுற்று சுற்றுகிறார், பிறகு மரங்களின் தலையை உரசிக்கொண்டு வெளியே வருகிறார். காற்றுக்காக யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

அதோடு விட்டதா? பேச்சு வேறு. காற்றிரைச்சலுக்கு நடுவே இவர் குரல். "இன்னைக்கு என்ன, வெளியில வரலையா?" கொஞ்சம் கழித்து, "வந்துட்டியா. சரி, சரி. குளிருது, கோட்டுப் பட்டனைப் போட்டுக்கோ." எனக்குக் குளிருகிறதா என்று இவர் கடைசியாகக் கேட்டது எந்த வருஷம் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. திரையை நிறுத்தி, மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தேன். முற்றத்தில் ஒரு மஞ்சள் புள்ளி. இந்தக் கேமராவின் கண் ரொம்ப அகலம், மலை மொத்தத்தையும் உள்ளே இழுத்துப் போட்டுக்கொள்ளும், ஆளைக் கடுகாக்கிவிடும். நின்றது மனுஷியா, தண்ணீர்த் தொட்டியா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் நகர்ந்தது. மஞ்சள் கோட்டு போட்ட ஒருத்தி என்று முடிவு செய்து அன்றைக்கே உனக்கு எழுதினேன்.

உன் பதில் வருகிற வரைக்கும் பொறுக்கவில்லை. போன வியாழக்கிழமை இவர் கிளப் வண்டியில் மலைக்குப் போனதும், வங்கிக்குப் போகும்போது போடுகிற நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு, நம் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பக்கத்து இருக்கையில் நான் சுட்ட ஓர் ஆப்பிள் டார்ட் வைத்திருந்தேன். ஏன் என்று கேட்காதே. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போய்ச் சண்டை போட எனக்கு வராது. என்ன பேசுவது என்பதை வண்டியில் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன், மூன்றாவது வளைவிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது, ஓரமாக நிறுத்தி மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். ஒரு சிக்கல். அந்த வீட்டை நான் மேலே இருந்துதான் பார்த்திருக்கிறேன். சாலையிலிருந்து பார்த்தால் எந்த வீட்டின் கூரையும் தெரியவில்லை, எல்லா வீடும் சுவரும் நாயுமாகவே இருக்கின்றன. உத்தேசமாக ஒரு வாசலில் போய்த் தட்டினேன். எண்பது வயதில் ஒரு கிழவர் கதவைத் திறந்தார். மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தார். என் மனசு ஒரு கணம் எங்கெங்கோ போய்விட்டு வந்தது. இங்கே பெண்கள் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டேன். இவ்வளவு நாள் இல்லை, ஆனால் உள்ளே வாங்க என்றார். ஒரு துண்டு டார்ட்டும் அரை மணி நேரமும் போன பிறகு, தகரக் கூரை அடுத்த மேட்டில் இன்னொன்று இருக்கிறது, போன இலையுதிர் காலத்தில் யாரோ ஆடு வளர்க்கிறவர்கள் குடி வந்திருக்கிறார்கள் என்று சொல்லி விடை கொடுத்தார்.

அங்கே போய் இறங்கியதும் ஆறேழு ஆடுகள் என்னைச் சூழ்ந்துகொண்டன. ஒன்று கோட்டின் பெல்ட்டைத் தின்ன ஆரம்பித்தது, ஒன்று டார்ட்டைப் பார்த்தது. டார்ட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்த வீட்டுல யாரு" என்று நான் கத்திக்கொண்டிருக்கும்போது கொட்டகையிலிருந்து பால் வாளியோடு ஒரு பெண் வெளியே வந்தாள். வாளியைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். "அத்தை" என்றாள்.

அக்கா, அது மயேல். என் மகன் பஸ்தியானின் பெண்டாட்டி. அவர்கள் மேற்குக் கடலோரப் பிரித்தானியில் அவளுடைய அம்மா வீட்டுப் பக்கம் இருக்கிறார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், நீயும் நினைத்திருந்தாய். புதுவருஷத்துக்கு வருகிற அட்டையில் அந்த ஊர் முத்திரைதானே இருந்தது. ஆறு மாதத்துக்கு முன்னால் திரும்பி வந்து, இந்த வருஷ அட்டையை அவள் அம்மா மூலமாகப் போடவைத்து, நமக்குச் சொல்லாமல், மலைக்கு அந்தப் பக்கம் குடியேறியிருக்கிறார்கள். நான் டார்ட்டைத் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது அவளுடைய காலுக்குப் பின்னாலிருந்து மஞ்சள் கோட்டு வெளியே வந்தது. அதன் உயரம் மூன்றடிகூட இல்லை. உள்ளே ஒரு பெண் குழந்தை, அடுத்த மாதம் மூன்று வயது முடிகிறது, பெயர் நோல்வென். நெற்றி இவருடையது. பஸ்தியானுக்கு ஒரு குழந்தை இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை அக்கா. அது என்னிடம் வரவில்லை. தூரத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கிட்டே வந்து, ஆடு கடித்த பெல்ட்டின் நுனியை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிவிட்டது.

எதற்காக மகன் வீட்டை விட்டுப் போனான் என்பதை உனக்கு முழுதாக எழுதியதில்லை, வெட்கமாக இருந்தது. மூன்றரை வருஷத்துக்கு முன்னால், மாடுகளை மலையிலிருந்து இறக்குகிற திருவிழாவில் பாலாடைக்கட்டிப் போட்டி. இவர் நடுவர். பெயர் தெரியாமல் துண்டு துண்டாகக் கொண்டுவந்து வைப்பார்கள். நாலாவது துண்டை வாயில் போட்டதும் மைக்கில் சொன்னார், இது பாலாடைக்கட்டி இல்லை, சோப்பு, செய்தவர் கொண்டுபோய்க் குளிக்கலாம் என்று. கூட்டம் சிரித்தது. செய்தவள் மயேல், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பெயர் வாசித்தபோது இவர் முகம் செத்துப் போனதை நான் பார்த்தேன். ஒரு வார்த்தை மன்னிப்பு என்று சொல்லியிருக்கலாம். முப்பத்தைந்து வருஷம் பொய் சொல்லாத நாக்கு இது, சோப்பு என்றால் சோப்புதான் என்று வீட்டில் வந்து மேசையைத் தட்டினார். பஸ்தியானும் தட்டினான். அடுத்த வாரம் போய்விட்டார்கள்.

மயேல் எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அன்றைக்கே அவள் வயிற்றில் குழந்தை இருந்திருக்கிறது, வீட்டில் சொல்லலாம் என்று சாயங்காலத்துக்காகக் காத்திருந்தாளாம். "சோப்புன்னு சொன்னதுல எனக்குக் கோவமில்ல அத்தை. அந்தத் தடவை எனக்கே பிடிக்கல. எல்லாரும் சிரிச்சப்ப அவரும் சேர்ந்து சிரிச்சாரு பாருங்க, அதுதான் மனசை விட்டுப் போகல" என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். தினம் ஒரு மணிக்கு இவர் வந்து மேலே சுற்றுவது அவர்களுக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது. சிறகின் நிழல் முற்றத்தில் விழுந்து சுற்றிச் சுற்றி வருகிறதாம், ஆடுகள் கழுகு என்று மிரண்டு வேலியில் போய் முட்டிக்கொள்கின்றனவாம், பால் பாதியாகக் குறைந்துவிட்டதாம். பார்த்துக்கொள், இந்த மனுஷர் அவளுடைய பாலாடைக்கட்டியை இரண்டாவது தடவையும் கெடுத்திருக்கிறார், இந்தத் தடவை ஆகாயத்திலிருந்து.

அதற்குள் பஸ்தியான் சந்தையிலிருந்து வந்துவிட்டான். மெலிந்திருக்கிறான். என்னைக் கட்டிக்கொண்டான். அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்ததும் விலகி நின்றான். "மேல நின்னு படம் பிடிச்சிட்டுப் போறது பேச்சு ஆகாதும்மா. ரோடு இருக்கு. வாசல் இருக்கு. நடந்து வந்து தட்டச் சொல்லு." நீ எப்போது வேண்டுமானாலும் வா என்று என்னிடம் சொன்னான். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சரி, நாளைக்கே வருகிறேன் என்றுதானே? அதை விட்டுவிட்டு, அப்பா இல்லாமல் நான் மட்டும் இந்த வாசலை மிதிக்க மாட்டேன், வந்தால் இரண்டு பேரும், இல்லாவிட்டால் இரண்டு பேரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். நம் அம்மா பேசுகிற மாதிரியே வந்தது. காரில் ஏறி முதல் வளைவு திரும்புவதற்குள்ளேயே அந்த நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்தால் இவர் எனக்கு முன்னால் வந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறார். அன்றைய மெமரி கார்டு உப்பு டப்பா பக்கத்தில். நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, பெல்ட் பாதிதான் இருந்தது.

"எத்தனை நாளா தெரியும்?" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தார். எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "மார்ச் கடைசியிலேர்ந்து. பஸ்தியான் தன்னோட பழைய சிறகை வேலில காயப்போட்டிருந்தான். நீல சிறகு, நான் ஆரஞ்சுத் துணி வச்சுத் தச்ச ஒட்டு. எவ்வளவு உயரத்துலேர்ந்தும் எனக்கு அது தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ ஓடுவ. கதவைச் சாத்திட்டாங்கன்னா? எனக்குச் சாத்துன கதவு எனக்குப் பழகிடுச்சு ஜிஸேல். உனக்குச் சாத்துறதை நான் பார்க்க மாட்டேன்."

பிறகு, மஞ்சளாக ஒன்று முற்றத்தில் வருகிறதே, அது குழந்தைதானா என்று கேட்டார். அவ்வளவு உயரத்தில் இவர் கண்ணுக்கு நிறம் மட்டும்தான் தெரிந்திருக்கிறது, நடை சின்னதாக இருந்ததை வைத்து யூகித்துக்கொண்டு இத்தனை நாளும் அதோடு பேசியிருக்கிறார். கேமராவில் விழுந்திருக்கும், நான் பார்த்துவிட்டு ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்துத்தான் கார்டை மறைக்காமல் வழக்கம்போல உப்பு டப்பா பக்கத்தில் வைத்திருக்கிறார். நான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லாததால் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை என்றார். பெண், பெயர் நோல்வென் என்றேன். அந்தப் பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். நானும் கடைசியில் உட்கார்ந்து, மஞ்சள் கோட்டைப் பார்த்து என்ன நினைத்தேன் என்பதைச் சொல்லிவிட்டேன். இவருக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கக் கூடாது என்று புரிந்து நிறுத்திக்கொண்டார், எனக்கு வந்துவிட்டது.

ஆட்டு விஷயத்தைச் சொன்னபோதுதான் இவர் ஆடிப்போனார். மிரளுதா, நிஜமாகவே மிரளுதா என்று மூன்று தடவை கேட்டார். மகனோடு மூன்றரை வருஷம் பேசாமல் இருந்து காட்டிய மனுஷர், பால் குறைந்தது என்றதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இனி அந்தப் பக்கம் பறக்க மாட்டேன் என்றார். ரோடு இருக்கிறது, நடந்து வரச் சொன்னான் என்றேன். எந்த முகத்தோடு போவது என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே போனார். மயேல் கொடுத்தனுப்பிய ஆட்டுப் பாலாடைக்கட்டியை மேசையில் பிரித்து வைத்தேன். திரும்பி வந்து, நின்றபடியே ஒரு துண்டு வாயில் போட்டுக் கண்ணை மூடினார். "சோப்பு வாசம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யுது" என்றார். எதை எடுத்து இவர் தலையில் போடலாம் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு துண்டு எடுத்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் முழுதையும் தின்று முடித்துவிட்டார்.

இவ்வளவுதான் அக்கா. வெள்ளிக்கிழமையிலிருந்து இவர் பறக்கவில்லை. நாலு நாளும் வானம் கண்ணாடி மாதிரி, பெர்த்ராண் இரண்டு தடவை வந்து கூப்பிட்டார், முதுகு வலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். சிறகை மடித்து மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டார். பகல் ஒரு மணிக்குத் தோட்டத்துக்குப் போய் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். நான் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன். இந்தப் பிடிவாதக்காரர்களுக்கு நடுவே யாரும் வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை, அதனால்தான் வர வேண்டாம் என்கிறேன். நீ வந்தால் இவர் இன்னும் இறுகிப் போவார், பனிச்சரிவு என்று சொன்னதை வேறு நீ கேட்பாய். மனசைத் தேற்றிக்கொண்டுவிட்டேன். என்னிடம் இருபத்துமூன்று படங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எத்தனையாவது நிமிஷத்தில் மஞ்சள் கோட்டு வெளியே வரும் என்று எழுதி வைத்திருக்கிறேன். ஏப்ரல் இருபத்தாறாம் தேதிப் படத்தில் பதினெட்டாவது நிமிஷம் அது தலையைத் தூக்கிப் பார்க்கிறது. அங்கே நிறுத்திப் பெரிதாக்குவேன். ரொம்பப் பெரிதாக்கினால் முகம் சதுரம் சதுரமாக உடைந்துவிடுகிறது, அதற்குச் சற்று முன்னால் நிறுத்திக்கொள்ளப் பழகிவிட்டேன். எனக்கு அது போதும். நிறையப் பேருக்கு அதுகூட இல்லை.

மர்சியால் அத்தானுக்கு என் வணக்கத்தையும், புறாக்களுக்குப் பாதகமில்லாத காற்று வீசட்டும் என்ற என் வாழ்த்தையும் சொல். உன் இடுப்பு வலி குறையவும், நீ எல்லா நலமும் பெற்று நீடூழி வாழவும், ஞாயிறு திருப்பலியில் உனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். இங்கே எல்லாம் முடிந்து அமைதியாகிவிட்டது. கவலைப்படாதே.

என்றும் உன் அன்புத் தங்கை,
ஜிஸேல்.

பி.கு.: செவ்வாய்க்கிழமை. ஒட்டிய உறையைக் கெண்டி ஆவியில் காட்டிப் பிரித்து இதை எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பன்னிரண்டே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. பஸ்தியான். சும்மாதான் கூப்பிட்டேன் என்றான். வெயில் எப்படி, மழை வருமா என்று கேட்டான். நாலஞ்சு நாளாகக் காற்று சரியில்லையோ என்றான். காற்றுக்கு என்ன, நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

"அப்பாவுக்கு உடம்பு ஏதும் முடியலையாம்மா?"

"உடம்புக்கென்ன. ஆடு மிரளுதுன்னு விட்டுட்டார்."

"ஆட்டையெல்லாம் ஒரு மணிக்குக் கொட்டகையில அடைச்சிடுறோம்மா. வெள்ளிக்கிழமையிலேர்ந்து அடைச்சிட்டுத்தான் இருக்கோம். பாப்பா முற்றத்துல போய் நின்னுக்கிட்டு, சாப்பிடக் கூப்பிட்டா உள்ள வர மாட்டேங்குறா."

அந்தப் பழைய தொலைபேசி ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தும், உனக்குத் தெரியுமே. நான் திரும்பிப் பார்க்கும்போது இவர் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். மாடிப்படிக்கு அடியிலிருக்கிற சிறகைத்தான் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். கார்ச் சாவியை எடுத்தார். வீட்டுச் செருப்போடு, ஷர்ட்டில் மண்ணோடு. இருங்க, நானும் வர்றேன் என்று கோட்டைத் தேடினேன், பெல்ட் இல்லாத கோட்டு அவசரத்துக்கு எங்கே அகப்படுகிறது. வெளியே ஓடி வருவதற்குள் கார் மாதா கோயில் திருப்பத்தில் மறைந்துவிட்டது. என்னை விட்டுவிட்டுப் போகிறோம் என்பதே இவருக்கு இன்னும் தெரிந்திருக்காது.

மேலே எழுதியது எல்லாவற்றையும் அடித்துவிடு. மனசைத் தேற்றிக்கொண்டேன் என்றது பொய், அந்தப் படங்கள் போதும் என்றதும் பொய். வெள்ளிக்கிழமை ரயிலில் வா, பெரிய பெட்டியாகவே கொண்டு வா. இப்போது மணி ஒன்று பத்து. அவர் போய்ச் சேர்கிற நேரம். கதவைத் தட்டினாரா, யார் திறந்தது, முதலில் என்ன சொன்னார், வாயைத் திறந்து மறுபடி சோப்பு என்று சொல்லித் தொலைத்தாரா, அந்தக் குழந்தை அவரிடம் வந்ததா, எனக்கு ஒன்றும் தெரியாது. கேமரா இங்கே மேசைமேல் இருக்கிறது அக்கா. இன்றைக்கென்று பார்த்து அதை வைத்துவிட்டுப் போய்விட்டார்.